குறி தப்புவது கையாலா, மவுஸாலா?

காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் ஒரு நெசவாளர் வீட்டை மனதில் நிறுத்திக்கொள்ளுங்கள். முன்கட்டில் குழித்தறி. அப்பா தறியில் இறங்கிவிட்டால் 'டக்... டக்...' என்று தெருமுனை வரை கேட்கும். உள்ளறையில் ஒரு கம்ப்யூட்டர். பகலில் அதில் அக்கா உட்கார்ந்திருப்பாள். சேலை முந்தானைக்கும் பார்டருக்கும் வேண்டிய அன்னம், மாங்காய், ருத்ராட்சம் எல்லாவற்றையும் கட்டம் கட்டமாக அதில் வரைவாள். அந்தப் படம்தான் பிறகு ஜக்கார்டு அட்டையில் ஓட்டையாக மாறும். இரவு எட்டு மணிக்கு மேல் அதே நாற்காலி, அதே மவுஸ், தம்பியிடம் வரும். கல்லூரியில் முதல் வருடம் படிக்கும் அவன் விளையாடுவது 'வேலரன்ட்'. ஐந்து பேருக்கு ஐந்து பேர் மோதும் துப்பாக்கி ஆட்டம்.

வரும் ஞாயிற்றுக்கிழமை கல்லூரி அணிகளுக்கான போட்டி. வெள்ளிக்கிழமை இரவு வீட்டில் சத்தம்.

"நேத்து வச்ச குறியெல்லாம் விழுந்துச்சு தாத்தா. இன்னைக்கு ஒண்ணுகூட விழல. மவுஸ் போயிடுச்சு. புதுசு வாங்கணும்."

புது மவுஸ் நாலாயிரம் ரூபாய்க்கு மேல். அப்பாவின் தறியில் இருக்கிற சேலை முடிய இன்னும் பத்து நாள் ஆகும். அது முடிந்து கூலி கைக்கு வந்தால்தான் கடைக்காரர் பாக்கியே தீரும். வீட்டில் யாரும் பதில் சொல்லவில்லை. ஐம்பது வருடம் தறியில் உட்கார்ந்த தாத்தா மட்டும் ஒரு கேள்வி கேட்டார்.

"டேய், நீ இல்லாத நேரம் உன் தறியை யாராவது தொட்டாங்களா?"

மவுஸைப் பற்றி ஒன்றுமே தெரியாத ஒருவர் கேட்ட கேள்விதான். ஆனால் விஷயம் அதில்தான் இருக்கிறது.

ஒரு அங்குலத்துக்கு எத்தனை?

மவுஸின் அடிப்பக்கம் சின்ன ஓட்டை ஒன்று இருக்கும். அதற்குள் இருப்பது ஒரு குட்டிக் கேமரா. மேஜையின் பரப்பை ஒரு நொடிக்கு ஆயிரக்கணக்கான முறை படம் எடுக்கும். முந்தைய படத்தையும் இப்போதைய படத்தையும் ஒப்பிட்டு, 'இந்தப் பக்கம் இவ்வளவு நகர்ந்தேன்' என்று கம்ப்யூட்டருக்குச் சொல்லும். ஒரு அங்குலம் நகர்த்தினால் எத்தனை எண்ணிக்கை அனுப்புகிறது என்பதுதான் டிபிஐ. 800 டிபிஐ என்றால் ஒரு அங்குலத்துக்கு 800 எண்ணிக்கை.

நெசவுக்காரர்களுக்கு இது புதுக் கணக்கே இல்லை. சேலையில் ஒரு அங்குலத்துக்கு எத்தனை ஊடை விழுகிறது என்று எண்ணுகிறவர்கள்தானே அவர்கள்! அங்குலத்துக்கு இத்தனை என்று ஒரு அளவு வைத்துவிட்டால் சேலை முடியும்வரை அது மாறக்கூடாது. நடுவில் மாறினால் துணி ஓரிடத்தில் நெருங்கியும் ஓரிடத்தில் தளர்ந்தும் பட்டை பட்டையாகத் தெரியும். எந்த அளவு என்பதைவிட, ஒரே அளவாக இருப்பதுதான் முக்கியம்.

டிபிஐ என்பது மவுஸுக்குள் இருக்கும் அளவு. ஆட்டத்துக்குள் இன்னொரு அளவு உண்டு. அதன் பெயர் சென்சிட்டிவிட்டி. மவுஸ் அனுப்பும் ஒவ்வொரு எண்ணிக்கைக்கும் திரையில் பார்வை எத்தனை டிகிரி திரும்ப வேண்டும் என்பதை அது முடிவு செய்கிறது. வேலரன்டில் சென்சிட்டிவிட்டி 1 என்றால் ஒரு எண்ணிக்கைக்கு 0.07 டிகிரி. கவுன்டர் ஸ்ட்ரைக்கில் அதே 1 என்றால் 0.022 டிகிரிதான். அதனால்தான் கவுன்டர் ஸ்ட்ரைக்கிலிருந்து வேலரன்டுக்கு வருகிறவர்கள் தங்கள் எண்ணை 3.18 ஆல் வகுத்துக்கொள்கிறார்கள்.

தம்பியின் கணக்கைப் பார்ப்போம். மவுஸில் 800 டிபிஐ, ஆட்டத்தில் சென்சிட்டிவிட்டி 0.4. மூன்றையும் பெருக்குங்கள்: 800 × 0.4 × 0.07 = 22.4. அதாவது மவுஸை ஒரு அங்குலம் நகர்த்தினால் பார்வை 22.4 டிகிரி திரும்பும். முழுச் சுற்று 360 டிகிரி திரும்ப 16 அங்குலம் வேண்டும். சென்டிமீட்டரில் சொன்னால் ஏறக்குறைய 41.

இந்த '41 சென்டிமீட்டர்' என்பதுதான் அவன் கைக்குத் தெரிந்த உலகம். மூளைக்கு டிபிஐயும் தெரியாது, 0.4ம் தெரியாது. 'எதிரி பத்து டிகிரி வலப்பக்கம் நிற்கிறான், கையை ஒரு சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் கூட நகர்த்து' என்ற பழக்கம் மட்டும்தான் அதற்குத் தெரியும்.

அக்கா அழுத்திய பட்டன்

தாத்தாவின் கேள்விக்குப் பதில் அக்காவிடம் இருந்தது.

"சக்கரத்துக்குக் கீழ ஒரு சின்ன பட்டன் இருக்கே, அதை அழுத்துனா அம்பு மெதுவா ஓடும் தாத்தா. சின்னக் கட்டம் போட சௌகரியமா இருக்கும். முடிச்சதும் திரும்ப அழுத்தி வச்சிடுவேன்."

"எத்தனை தடவை அழுத்துவே?"

"அது... வேகமா ஆகுற வரைக்கும்."

அங்கேதான் சிக்கல். அந்தப் பட்டன் டிபிஐயை மாற்றுகிற பட்டன். ஒவ்வொரு அழுத்தலுக்கும் 400, 800, 1600, 3200 என்று சுற்றி வரும். அக்கா 'வேகமாக' விட்டுவைத்தது 800 அல்ல, 1600. ஆட்டத்துக்குள் 0.4 அப்படியே இருக்கிறது. ஆனால் முழுச் சுற்றுக்கு 41 சென்டிமீட்டர் தேவைப்பட்ட இடத்தில் இப்போது இருபதே போதும். பத்து டிகிரி திரும்ப நினைத்துக் கையை நகர்த்தினால் பார்வை இருபது டிகிரி ஓடிவிடும். எதிரியைத் தாண்டிச் சுவரில் போய் நிற்கும்.

கையிலும் தவறில்லை, மவுஸிலும் தவறில்லை. அளவுகோல்தான் மாறிப்போனது.

இதில் இன்னொரு உண்மையும் வெளியே வந்தது. ஆட்டத்தில் தோற்ற ஒவ்வொரு இரவும் தம்பியே சென்சிட்டிவிட்டியை மாற்றியிருக்கிறான். யூடியூபில் ஒரு பெரிய வீரர் 0.35 என்றார், மாற்றினான். இன்னொருவர் 0.5 என்றார், மாற்றினான். ஒரு மாதத்தில் ஆறேழு முறை. கை ஒரு அளவைப் பழகுவதற்குள் அளவு போய்விட்டது.

"தறியில நாடா போடுறவன் தினம் ஒரு தறியில உக்காந்தா, அவன் கை எப்படிடா பழகும்?" என்றார் தாத்தா.

விண்டோஸ் செய்கிற வேலை

மவுஸ் குறித்து யாரிடம் கேட்டாலும் முதலில் சொல்வது ஒன்றுதான்: "விண்டோஸில் 'என்ஹான்ஸ் பாய்ன்டர் பிரிசிஷன்' என்பதை அணைத்துவிடு." பெயரில் துல்லியம் இருந்தாலும் அது செய்வது வேறு. கையை மெதுவாக நகர்த்தினால் அம்பு குறைவாக நகரும். வேகமாக வீசினால் அதே தூரத்துக்கு அம்பு அதிகமாக ஓடும். கோப்புகளைத் திறக்க, மூட இது வசதிதான். குறி பார்க்க வசதி இல்லை. ஒரே தூரம் கை நகர்ந்தாலும் வேகத்தைப் பொறுத்து விளைவு மாறும். பதற்றத்தில் கை வேகம் கூடும்போதுதான் ஆட்டம் சூடாக இருக்கும். சரியாக அந்த நேரத்தில் கணக்கு மாறிவிடும்.

ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். வேலரன்ட், கவுன்டர் ஸ்ட்ரைக் 2 போன்ற இன்றைய ஆட்டங்கள் மவுஸ் சொல்வதை நேரடியாக எடுத்துக்கொள்கின்றன. இதற்கு 'ரா இன்புட்' என்று பெயர். நடுவில் விண்டோஸ் சொல்வதை இவை கேட்பதே இல்லை. பிரவுசிங் சென்டர் காலத்துக் கவுன்டர் ஸ்ட்ரைக் 1.6 இப்படி இல்லை. விண்டோஸ் அமைப்பு ஆட்டத்துக்குள்ளும் புகுந்துவிடும். அந்தக் காலத்து அறிவுரைதான் இன்றும் சுற்றிக்கொண்டிருக்கிறது. அணைத்து வைப்பதில் நஷ்டமில்லை. ஆனால் இன்றைய ஆட்டத்தில் குறி தப்பினால் அதற்குக் காரணம் பெரும்பாலும் வேறு இடத்தில் இருக்கும்.

இந்த வீட்டுக்கு இதிலேயே தீர்வும் கிடைத்தது. டிபிஐ 800லேயே நிற்கட்டும். அந்தப் பட்டனை யாரும் தொடக்கூடாது. அக்காவுக்கு அம்பு மெதுவாக ஓட வேண்டுமா? விண்டோஸ் செட்டிங்ஸில் மவுஸ் பகுதிக்குப் போய், பாய்ன்டர் வேகத்தைக் குறைத்துக்கொள்ளலாம். கட்டம் போடும்போது அம்பு மெதுவாக நகரும். ஆட்டத்துக்கோ அது தெரியவே தெரியாது. ஒரே மவுஸ், இரண்டு பேர், சண்டை இல்லை. டிபிஐ பட்டன் மேல் ஒரு துண்டு செலோ டேப் ஒட்டப்பட்டது. செலவு ஒன்றும் இல்லை.

எந்த எண் நல்ல எண்?

எல்லோருக்கும் பொருந்துகிற எண் கிடையாது. வேலரன்டில் தொழில்முறை வீரர்கள் பலருடைய டிபிஐயையும் சென்சிட்டிவிட்டியையும் பெருக்கினால் 200க்கும் 400க்கும் நடுவில் ஏதோ ஒரு எண் வரும். தம்பியுடையது 320. அது நடுவில்தான் இருக்கிறது. புதிதாக ஆரம்பிக்கிறவர்கள் இந்த இடைவெளிக்குள் ஒன்றை எடுத்துக்கொள்ளலாம். மேஜை சின்னது என்றால் கொஞ்சம் கூட்டி; கையை முழங்கையிலிருந்து ஆட்ட இடம் இருந்தால் கொஞ்சம் குறைத்து.

சரிபார்க்க வீட்டில் இருக்கிற இஞ்ச் டேப்பே போதும். ஆட்டத்தில் ஒரு தூணுக்கு நேராக நில்லுங்கள். மவுஸை வலப்பக்கமாக நகர்த்தி, ஒரு முழுச் சுற்று சுற்றி மறுபடி அதே தூணுக்கு வாருங்கள். கை எத்தனை சென்டிமீட்டர் நகர்ந்தது என்று அளந்து ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். மவுஸ் மாறினாலும், கம்ப்யூட்டர் மாறினாலும், ஆட்டமே மாறினாலும் இந்த ஒரு அளவை வைத்து உங்கள் பழைய கையைத் திரும்பப் பிடித்துவிடலாம்.

மவுஸ் ஒரு நொடிக்கு எத்தனை முறை கம்ப்யூட்டரிடம் பேசுகிறது என்பது 'போலிங் ரேட்'. சாதாரண மவுஸ் 125 ஹெர்ட்ஸ். அதாவது 8 மில்லிசெகண்டுக்கு ஒரு முறை. கேமிங் மவுஸ் 1000 ஹெர்ட்ஸ். 1 மில்லிசெகண்டுக்கு ஒரு முறை. 1000 வைக்க முடிந்தால் வைத்துவிட்டு மறந்துவிடலாம். அதற்கு மேல் போக வேண்டியதில்லை. கம்ப்யூட்டர் பழையதாக இருந்தால் படம் தடுமாறவும் கூடும்.

ஒரே பக்கம் தப்பினால் ஒன்று, இரண்டு பக்கமும் தப்பினால் வேறு

1954ஆம் ஆண்டு பால் ஃபிட்ஸ் என்ற அமெரிக்க உளவியல் அறிஞர் ஒரு விதியைச் சொன்னார். இலக்கு எவ்வளவு தூரம், எவ்வளவு சிறியது என்ற இரண்டையும் பொறுத்துத்தான் கை அதை அடைய எடுக்கும் நேரம் அமைகிறது என்பது அந்த விதி. 1978இல் ஸ்டூவர்ட் கார்டும் அவருடைய சகாக்களும் மவுஸை இதே விதியை வைத்துச் சோதித்தார்கள். மவுஸ் போடும் தடை மிகக் குறைவு. வேகத்துக்கு எல்லை கட்டுவது மனிதனின் கண்ணும் கையும்தான் என்று தெரிந்தது. விலை கூடின மவுஸ் வாங்குவதற்கு முன் யோசிக்க வேண்டிய விஷயம் இது.

அப்படியானால் கோளாறு எங்கே என்று எப்படிக் கண்டுபிடிப்பது? வேலரன்டில் 'தி ரேஞ்ச்' என்ற பயிற்சிக் களம் இருக்கிறது. 30 பொம்மைகள் ஒன்றன்பின் ஒன்றாக வரும். அங்கே சுடும்போது எத்தனை விழுந்தது என்று மட்டும் பார்க்காமல், தப்பினது எந்தப் பக்கம் தப்பியது என்று பாருங்கள்.

எப்போதும் இலக்கைத் தாண்டியே போகிறதா? சென்சிட்டிவிட்டி அதிகம். கொஞ்சம் குறைக்கலாம்.

எப்போதும் இலக்குக்கு முன்னாலேயே நின்றுவிடுகிறதா? குறைவு. கொஞ்சம் கூட்டலாம்.

சில முறை தாண்டியும் சில முறை குறைந்தும் போகிறதா? சென்சிட்டிவிட்டியில் கை வைக்காதீர்கள். அதை எத்தனை முறை மாற்றினாலும் இது தீராது. உட்காரும் உயரம், கை ஊன்றும் இடம், தூக்கம், பதற்றம், மவுஸின் அடியில் அழுக்கு என்று வேறு இடங்களில் தேட வேண்டும்.

பிள்ளையார்பாளையம் வீடுகளில் அந்தக் கடைசிக் காரணத்தை அலட்சியம் செய்ய முடியாது. பட்டு இழை காற்றிலேயே மிதக்கிற வீடு அது. ஒரே ஒரு இழை மவுஸின் ஓட்டைக்குள் ஒட்டிக்கொண்டால் போதும், அம்பு நடுங்கும், தாவும். பஞ்சுக் குச்சியால் மெதுவாக எடுத்துவிடலாம். துணி மவுஸ்பேட் என்றால் வியர்வையும் ஈரப்பதமும் ஏறி ஒரு நாள் இழுக்கும், ஒரு நாள் வழுக்கும். மாதம் ஒரு முறை துவைத்து, நிழலில் நன்றாக உலர்த்த வேண்டும். கண்ணாடி மேஜை மேல் நேரடியாக வைக்கக்கூடாது.

நல்ல நாளை மட்டும் எண்ணாதீர்கள்

நிதானமான கை என்றால் என்ன என்பதற்கு ஒரு சின்னக் கணக்கு. இரண்டு பேர் ஐந்து நாள் பயிற்சி செய்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். 30 பொம்மைகளில் ஒருவர் வீழ்த்தியது 24, 11, 20, 9, 21. இன்னொருவர் வீழ்த்தியது 17, 18, 16, 17, 17. கூட்டினால் இருவருக்கும் 85. சராசரியும் ஒன்றேதான், 17. முதல் ஆள் தன்னுடைய 24ஐ மட்டும் நினைத்துக்கொண்டு, 9 வந்த நாளில் மவுஸைத் திட்டுவார். இரண்டாம் ஆளை நம்பி அணியில் ஒரு இடம் கொடுக்கலாம்.

இரண்டாம் ஆளுக்கு இன்னொரு லாபமும் உண்டு. அவர் ஒரு சின்ன மாற்றம் செய்தால் அது உதவியதா, கெடுத்ததா என்று உடனே தெரியும். முதல் ஆளுக்குத் தெரியாது. எல்லா நாளும் வேறு வேறு நாள்தான். அதனால்தான் ஒரு அளவை வைத்தால் குறைந்தது இரண்டு வாரம் தொடக்கூடாது என்கிறார்கள். தோற்ற இரவில் மாற்றவே கூடாது.

போனில் ஆடுகிறவர்களுக்கும்

மவுஸே இல்லாமல் பிஜிஎம்ஐ, ஃப்ரீ ஃபயர் ஆடுகிற கைகள்தான் தமிழ்நாட்டில் அதிகம். கதை அங்கேயும் இதுதான். ரெட் டாட், 3எக்ஸ், 4எக்ஸ், 6எக்ஸ் என்று ஒவ்வொரு ஸ்கோப்புக்கும் தனித்தனி சென்சிட்டிவிட்டி. கைரோஸ்கோப் வைத்திருந்தால் அதற்கும் தனி. பிரபல வீரரின் 'கோட்' போட்டவுடன் அவர் மாதிரி குறி விழும் என்று நினைப்பவர்கள் நிறைய. அவருடைய போன் வேறு, திரை அளவு வேறு, கட்டைவிரல் வேறு. ஒரு கோட் எடுத்தால் அதை ஆரம்பமாக வைத்துக்கொள்ளுங்கள். பயிற்சி மைதானத்தில் உங்கள் கைக்கு ஏற்பத் திருத்தி, ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். புதிதாக டெம்பர்டு கிளாஸ் ஒட்டினால்கூட விரல் வழுக்குவது மாறும். அன்றே எண்ணை மாற்றாமல் நான்கு நாள் பொறுங்கள்.

வீட்டுப் பெரியவர்களுக்கு ஒரு வார்த்தை

2022 டிசம்பரில் மத்திய அரசு இ-ஸ்போர்ட்ஸைப் பல விளையாட்டுகள் அடங்கிய போட்டிகளின் ஒரு பகுதியாக ஏற்று, விளையாட்டுத் துறையின் கீழ் கொண்டுவந்தது. 2023இல் ஹாங்சோவில் நடந்த ஆசிய விளையாட்டில் அதற்குப் பதக்கமும் கொடுத்தார்கள். 2025 ஆகஸ்டில் வந்த சட்டம் பணம் கட்டி ஆடும் ஆன்லைன் ஆட்டங்களுக்குத் தடை போட்டது. இ-ஸ்போர்ட்ஸை அதிலிருந்து பிரித்து அங்கீகரித்தது. ஆகவே பிள்ளை என்ன ஆடுகிறான் என்று கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது. எல்லாம் ஒன்று என்று நினைக்க வேண்டாம். வேலரன்ட் துப்பாக்கி ஆட்டம். ஐரோப்பிய வயது வரம்பில் அது 16 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கானது. தூக்கமும் படிப்பும் கெடாமல் நேரம் வகுத்துக்கொடுப்பது வீட்டின் வேலை. மணிக்கட்டு வலிக்கிறது என்று சொன்னால் அன்று ஆட்டம் இல்லை. வலியோடு பிடித்தால் பிடியே மாறிவிடும். குறியும் கெடும், கையும் கெடும்.

அந்த வீட்டுக்குத் திரும்புவோம். சனிக்கிழமை முழுக்கத் தம்பி எந்த எண்ணையும் தொடவில்லை. 800, 0.4, முழுச் சுற்றுக்கு 41 சென்டிமீட்டர். நோட்டின் முதல் பக்கத்தில் எழுதி வைத்தான். பயிற்சிக் களத்தில் காலை 15, மதியம் 16, இரவு 16. பெரிய எண்கள் இல்லை. ஆனால் பக்கத்துப் பக்கத்து எண்கள்.

ஞாயிறு அன்று அவன் அணி முதல் சுற்றில் ஜெயித்தது, இரண்டாம் சுற்றில் தோற்றது. கம்ப்யூட்டரை அணைத்துவிட்டு முன்கட்டுக்கு வந்தவனைத் தாத்தா நிமிர்ந்து பார்த்தார்.

"என்னடா, புது மவுஸ் வாங்கணுமா?"

"வேணாம் தாத்தா. அவங்க எங்களைவிட நல்லா ஆடுனாங்க."

அப்பா தறியிலிருந்து எழுந்துகொண்டிருந்தார். உள்ளே அக்கா கம்ப்யூட்டரை மறுபடி போட்டாள். அன்னத்தின் கழுத்தில் இன்னும் பதினாறு கட்டம் பாக்கி. விண்டோஸில் பாய்ன்டர் வேகத்தைக் குறைத்துவிட்டு வரைய ஆரம்பித்தாள். டிபிஐ பட்டன் மேல் ஒட்டிய டேப் அப்படியே இருந்தது.